நத்தானியேலின் கால்சட்டைகள்

நத்தானியேல் பெட்வே எட்டு மாதம் நோயில் கிடந்து 1942இல் இறந்துபோனார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊரில் பருத்தி விளைவித்தவர் அவர். மனைவி மிசௌரி 1902இல் பிறந்தவர். கணவரைப் பறிகொடுத்தபோது நாற்பதை ஒட்டிய வயது. அவர் தன் மகள் ஆர்லோன்ஸியாவிடம் ஒரு முடிவைச் சொன்னார். அப்பா வேலைக்குப் போட்டுப்போன துணிகளையெல்லாம் எடுத்து ஒரு போர்வை தைக்கப் போகிறேன். அவர் நினைவாக அது இருக்கட்டும், அன்புக்காக அதைப் போர்த்திக்கொண்டு படுப்பேன் என்றார்.

ஆர்லோன்ஸியாவுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, தானும் கிழவியான பிறகு, அந்த வேலையை அவர் நுணுக்கமாக நினைவுகூர்ந்தார். தாயும் மகளுமாக உட்கார்ந்து அப்பாவின் கால்சட்டைகளையும் சட்டை வால்களையும் கிழித்திருக்கிறார்கள். கால்சட்டையின் கால் கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கும். அப்படியே தைத்தால் பட்டை கோணிக்கொள்ளும். அதனால் மேல்பக்க அகலத்தை வெட்டிக் கழித்து, இரண்டு முனையும் ஒரே அளவாக வரும்படி பட்டைகளாக்கும் வேலை மகளுக்கு. சேர்த்துத் தைப்பது அம்மாவுக்கு. நத்தானியேலின் துணி மொத்தமும் சேர்ந்து ஒரே ஒரு போர்வைக்குத்தான் காணும் என்ற அளவில் இருந்தது.

இறந்தவரின் உடம்பில் கிடந்த துணியைப் பெற்ற மகளே கத்தரிப்பதை நினைத்துப் பார்க்கிறேன். எந்த முழங்காலில் எந்த ஒட்டு, அதை யார் போட்டது என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும்.

தைத்து முடித்தபோது போர்வை 90 அங்குல நீளம், 69 அங்குல அகலம். பருத்தித் துணி, கார்டுராய், கொஞ்சம் சாக்குத் துணி. கண்காட்சிப் பட்டியல்களில் இன்று அதற்கு 'கட்டங்களும் பட்டைகளும், வேலை உடுப்புப் போர்வை' என்ற பொருளில் ஒரு பெயர் இருக்கிறது. மிசௌரி அதற்குப் பெயர் வைக்க நினைத்திருப்பாரா, என்ன. அது அவர் கணவர். அவ்வளவுதான்.

ஜீஸ் பெண்டில் ஒட்டுப்போர்வை தைக்காத வீடு இல்லை. மூன்று அடுக்கு: மேலே கந்தல்களைச் சேர்த்துத் தைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் சாக்கோ வேறு பழந்துணியோ. நடுப் பஞ்சுகூட விலைக்கு வாங்கியதல்ல. ஜின்னிங் ஆலையின் தரையில் கூட்டி ஒதுக்கிய பஞ்சைக் கொண்டுவந்து, கம்பால் அடித்துத் தூசி தட்டிப் பரப்புவார்கள். முகத்துணியை அவரவர் வீட்டில் தனியாகத் தைப்பார்கள். மூன்றடுக்கையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி ஓட்டுத்தையல் போடும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பக்கமும் சூழ்ந்து உட்காருவார்கள். பாட்டும் ஜெபமும் ஊர்க்கதையும் அங்கேதான். வடிவங்களுக்கு ஊர்ப் பெயர்கள் உண்டு. நடுவில் ஒரு சதுரம் வைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் கட்டிக்கொண்டு போனால் 'வீட்டுக்கூரை'. எந்த வடிவத்துக்கும் கட்டுப்படாமல் கைபோன போக்கில் தைத்தால் அது 'என் வழி'.

வேலைத் துணிப் போர்வைகளுக்குத் தனி முகம் உண்டு. டெனிம் கால்சட்டையிலிருந்து பையைப் பிரித்தெடுத்தால், அந்த இடம் மட்டும் வெயில் படாத அடர்நீலத்தில் நிற்கும். சுற்றிலும் மற்றதெல்லாம் வெளிறிப்போயிருக்கும். முழங்கால் தேய்ந்த இடம் வெள்ளையாக, நூல் தெரிய இருக்கும். பருத்திக் காட்டில் குனிந்தும் முட்டிபோட்டும் ஓர் உடம்பு எத்தனை வருடம் உழைத்தது என்று அந்தத் துணியைப் படிக்கத் தெரிந்தவர் படித்துவிடலாம். நத்தானியேல் போன்றவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுத அந்தக் காலத்து அலபாமாவில் எந்த அலுவலகமும் முன்வரவில்லை. கணக்குப் பேரேட்டில் கடன்காரனாக இருந்தார்கள். வாக்காளர் பட்டியலில் இல்லை. மிசௌரி அந்த வரலாற்றைத் துணியில் எழுதி வைத்தார் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

அந்த ஊரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலபாமா ஆறு வில்காக்ஸ் கவுண்டியில் ஒரு குதிரை லாடம் போல வளைந்து, மூன்று பக்கமும் தண்ணீரால் ஒரு நிலத்தைச் சூழ்ந்திருக்கிறது. அந்த வளைவுக்குள் 1816இல் வட கரோலினாவிலிருந்து ஜோசப் ஜீ என்ற வெள்ளையர் வந்து பருத்தித் தோட்டம் போட்டார். ஊர்ப்பெயர் அவருடையது. 1845இல் கடனுக்கு ஈடாகத் தோட்டம் ஜீ குடும்பத்தின் உறவினர் மார்க் பெட்வேயின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு அவர் தன் குடும்பத்தோடும் நூறு பேரளவில் அடிமைகளோடும் வட கரோலினாவிலிருந்து கிளம்பினார். குடும்பம் வண்டியில். அடிமைகள், ஒரு சமையல்காரியைத் தவிர, வழி நெடுக நடந்தே வந்தார்கள் என்று ஊர் இன்றும் சொல்கிறது.

பெட்வே என்ற பெயர் அப்படி வந்தது. தோட்டத்து முதலாளியின் பெயரே அவர் உடைமையாக வைத்திருந்த மனிதர்களின் பெயராயிற்று. அதனால்தான் ஜீஸ் பெண்ட் தையற்காரிகளின் பட்டியலைப் பார்த்தால் அத்தனை பெட்வேக்கள். எல்லோரும் ரத்த உறவு என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் உடைமையாளன் விட்டுப்போன பெயர் இன்று அந்தப் பெண்களால்தான் உலகத்துக்குத் தெரிந்திருக்கிறது. மார்க் பெட்வேயைத் தேடி யாரும் அந்த ஊருக்குப் போவதில்லை.

ஆர்லோன்ஸியாவின் குடும்பத்தில் இன்னொரு நினைவும் கைமாறி வந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டி டைனா மில்லர் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர். அது 1859 என்பது குடும்பத்தார் சொல்லிவரும் கணக்கு. அடிமைகளை அமெரிக்காவுக்குள் இறக்குவது 1808இலேயே சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. ஐம்பது ஆண்டு கழித்தும் அலபாமாக் கரையில் ஆட்களைத் திருட்டுத்தனமாக இறக்கினார்கள். கத்தரிக்கோல் பிடித்த அந்தப் பெண்ணுக்கும் அடிமைக் கப்பலுக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு குறைவு.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. அடிமைகளாக உழுத அதே மண்ணை வாரத்துக்கு உழுதார்கள். 1895இல் டஸ்கலூசா நகரத்து வழக்கறிஞர் வான் டி கிராஃப் தோட்டத்தை வாங்கினார். பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். நாம் பாடத்தில் படம் வரைந்த மின்னியற்றியை உருவாக்கியவர் அவர் மகன். முதலாளி வெளியூரில், உழைப்பவர்கள் வளைவுக்குள். விதைக்கும் உரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆற்றுக்கு அக்கரையில், கேம்டன் நகரத்துக் கடைக்காரரிடம் கடன். அறுவடை முடிந்ததும் பருத்தி அவரிடம் போகும், கணக்கு அவர் எழுதுவார்.

முதல் உலகப் போரை ஒட்டி ஒரு பவுண்டுக்கு 40 சென்ட் வரை போன பருத்தி விலை 1930களின் தொடக்கத்தில் 5 சென்டுக்கு விழுந்தது. 1932இல் அந்தக் கடைக்காரர் இறந்துபோக, அவர் மனைவி பாக்கியை ஒரேயடியாகக் கேட்டார். அறுபது குடும்பங்களுக்கு மேல் அந்தக் கணக்கில் இருந்தன. ஆட்கள் வண்டிகளோடு வந்தார்கள். சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கோழி, பன்றி, கோவேறு கழுதை, கலப்பை என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தை ஊர் எப்படித் தாண்டியது என்பதைக் கிழவர்கள் சாகும்வரை பேசினார்கள். காட்டுப் பழம், ஆற்று மீன், அணில். பிறகு செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவு. நத்தானியேலும் மிசௌரியும் அந்த ஆண்டுகளில் முப்பதை ஒட்டிய வயதுக்காரர்கள், குழந்தை குட்டியோடு இருந்தவர்கள். பத்தே ஆண்டுக்குப் பின் கணவரின் சட்டை வாலைக்கூட வீணாக்காமல் எடுத்து வைத்த அந்தக் கையை 1932ஐ விட்டுவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது.

ரூஸ்வெல்ட் அரசு 1937இல் பத்தாயிரம் ஏக்கரளவுக்கு அந்த நிலத்தை வாங்கி, குடும்பங்களுக்குப் பிரித்துக் குறைந்த வட்டிக் கடனில் சொந்தமாக்கிக் கொடுத்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின உழவர்களுக்கு அரிதாகவே கிட்டிய அதிர்ஷ்டம் இது. ஜீஸ் பெண்ட் மக்கள் மற்ற ஊர்களைப்போல் சிதறிச் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போய்விடாமல் அங்கேயே வேர்பிடித்து நின்றதற்கு இது ஒரு பெரிய காரணம். 1937இல் அரசுப் புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டீன் வந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. மரக்கட்டை வீடுகள், கட்டைகளின் இடுக்கில் காற்று வராமலிருக்கச் சுவர் முழுதும் ஒட்டிய செய்தித்தாள்கள், ஒரு படத்தில் போர்வை தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணும் பக்கத்தில் இரண்டு சிறுமிகளும். பிறகு பலகை வீடுகள் நூறு அளவுக்கு எழுந்தன. ஊரார் 'ரூஸ்வெல்ட் வீடு' என்றார்கள். நிலம் சொந்தமாகத் தொடங்கிய காலத்தில்தான் நத்தானியேல் செத்தார்.

இந்தப் போர்வை மிஞ்சியதே ஆச்சரியம். ஜீஸ் பெண்டில் போர்வை ஒரு செலவுப் பொருள். குளிருக்கு ஒருவர் மேல் நாலைந்து போர்த்துவார்கள், மெத்தைக்குப் பதில் அடியில் விரிப்பார்கள், காற்று வரும் சுவரில் தொங்கவிடுவார்கள். கிழிந்து கந்தலானால் கார் பழுதுபார்க்கும்போது கீழே விரிப்பு; அதற்கும் ஆகாவிட்டால் கொளுத்திப் புகைபோட்டுக் கொசு விரட்டுவார்கள். ஒரு பெண் தன் வாழ்நாளில் தைத்ததில் பெரும்பகுதி இப்படிச் சாம்பலாகியிருக்கும். மிசௌரியின் போர்வை அந்த வழியில் போகவில்லை. அதில் நத்தானியேல் இருந்தார்.

அது வீட்டில் இருந்த ஆண்டுகளில் வெளியே நடந்தவை பெரியவை. வில்காக்ஸ் கவுண்டியில் மக்கள்தொகையில் கறுப்பர்களே மிகுதி. ஆனால் 1965க்கு முன் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஜீஸ் பெண்ட் மக்கள் ஆற்றைக் கடந்து கேம்டன் நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயரைப் பதியக் கேட்கத் தொடங்கினார்கள். 1962இல் ஆற்றுப் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. படகில் போனால் பக்கத்திலேயே இருந்த கவுண்டித் தலைநகருக்கு அதன்பின் சாலைவழியாக ஒரு மணி நேரம், நாற்பது மைல். கார் எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? 1965 பிப்ரவரியில், வாக்குரிமை கேட்டு நடந்த செல்மா போராட்டத்தின் நடுவே, மார்ட்டின் லூதர் கிங் ஒரு மழை இரவில் இந்த ஊரின் பிளெசண்ட் குரோவ் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு வந்து பேசினார். அவர் பேச்சைக் கேட்டவர்களில் பலர் அதற்குப் பின் பெயரைப் பதியப் போய் வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்தார்கள்; சிறைக்கும் போனார்கள்.

இங்கேதான் எஸ்டெல் விதர்ஸ்பூன் வருகிறார். அமெரிக்கச் சமஉரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மேடையில் நின்றவர்களின் பெயரை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். 1965 டிசம்பரில் ஃப்ரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் போகும்போது ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைகளைப் பார்த்தார். பத்து டாலர் வீதம் சிலவற்றை வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட்டார். அந்த முயற்சியிலிருந்து 1966 மார்ச்சில் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவு பிறந்தது. ஜீஸ் பெண்டும் சுற்றுவட்டார ஊர்களும் சேர்ந்தது அது. அதை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர் எஸ்டெல். பாதிரியாரின் பெயர் புத்தகங்களில் எளிதாகக் கிடைக்கிறது. கணக்கு எழுதியதும், தையலைச் சோதித்ததும், ஆர்டர் வாங்கியதும், தைத்தவர்களுக்குக் கூலியைக் கொடுத்ததும் எஸ்டெலும் அவரோடிருந்த பெண்களும்.

1969இல் கூட்டுறவு சொந்த நிலத்தில் ஒரு தையற்கூடம் கட்டிக்கொண்டது. அந்த இருபத்து மூன்று ஏக்கரில் எட்டு மனைகளை, வாக்குரிமை கேட்டதற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு விற்றார்கள். நான் இந்த ஊரைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் அசைத்த செய்தி இதுதான். ஊசி பிடித்துச் சேர்த்த காசில் வாங்கிய மண், வாக்குக் கேட்டவனுக்கு வீட்டு மனை. ஒரு சமூகத்தின் தலைமை என்றால் எனக்கு இந்தக் காட்சிதான் தோன்றுகிறது. 1972 முதல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய்த் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தார்கள். அதில் மிஞ்சிய கார்டுராய் வெட்டுத்துண்டுகள் வீடுகளுக்குப் போய், எழுபதுகளின் ஜீஸ் பெண்ட் போர்வைகளில் அந்தப் பளிச்சென்ற நிறங்களாக வந்தன.

கூட்டுறவுக்கு ஒரே அளவில், ஒரே வடிவத்தில், நேர்கோட்டில் தைக்க வேண்டியிருந்தது. ஒரு தலையணை உறையைப் போலவே அடுத்ததும் இருக்க வேண்டும் என்பது கடைக்காரரின் விதி. வீட்டுக்கென்று தைத்தவைதான் கோணலும் தைரியமுமாக இருந்தன. அந்த இரண்டு தையலும் ஒரே கைகளிலிருந்து வந்ததை மறந்துவிடக் கூடாது. முன்னது கூலியைத் தந்தது. அந்தக் கூலியில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் படித்தார்கள்.

அதே காலத்தில் ஆற்றில் அணை கட்டப்பட்டு, ஜீஸ் பெண்டின் நல்ல வயல்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர் நீருக்குள் போயின. பருத்தி போயிற்று. மிசௌரி 1981இல் இறந்தார்.

தொண்ணூறுகளின் இறுதியில் அட்லாண்டாவைச் சேர்ந்த சேகரிப்பாளர் பில் ஆர்னெட் ஒரு புத்தகத்தில் ஒரு புகைப்படத்தைப் பார்த்தார். ரோலண்ட் ஃப்ரீமேன் எடுத்த படம். விறகுக் குவியலின் மேல் ஒரு போர்வை விரித்திருக்கிறது. பக்கத்தில் அதைத் தைத்த அன்னி மே யங்கும் அவருடைய கொள்ளுப்பேத்தியும். வெளிறிய நீல டெனிம் பட்டைகள் சுற்றிலும், நடுவில் மட்டும் தீப்பிடித்ததுபோல் நிறம். அந்தப் பெண்ணைத் தேடி ஆர்னெட் ஜீஸ் பெண்டுக்கு வந்தார். அன்னி மே சில நாட்களுக்கு முன்புதான் பழைய போர்வைகள் சிலவற்றை எரித்திருந்தார் என்பது அந்தத் தேடலின்போது தெரிந்த செய்தி. படத்தில் இருந்தது தப்பியிருந்தது. அதன்பின் ஆர்னெட் வீடு வீடாகப் போய் நூற்றுக்கணக்கான போர்வைகளை வாங்கினார். மிசௌரியின் போர்வை வளைவைவிட்டு வெளியே போனது அப்படித்தான். கூடவே ஆர்லோன்ஸியாவின் நினைவும் பதிவாயிற்று. பொருளும் அதன் கதையும் ஒன்றாகவே ஊரைக் கடந்தது நம் நல்ல காலம். கதை பின்தங்கியிருந்தால் சுவரில் இன்னொரு அழகான துணி மட்டும் தொங்கியிருக்கும்.

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி திறந்தது. அந்த ஆண்டின் இறுதியில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம். பிறகு ஊர் ஊராக, ஆண்டுக்கணக்கில். தைத்த பெண்கள் பேருந்து பிடித்துப் போய்த் தங்கள் படுக்கை விரிப்புகளை வெள்ளைச் சுவரில் பார்த்தார்கள். அமெரிக்கா தந்த நவீன கலையின் அற்புதங்களில் இவையும் சேரும் என்று நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் எழுதினார். நவீன ஓவியர்களின் பெயர்களைச் சொல்லி ஒப்பிடுவது ஒரு வழக்கமாயிற்று.

அந்த ஒப்பீடு நல்லெண்ணத்தில் வந்ததுதான். இருந்தும் எனக்கு அது உறுத்துகிறது. ஓர் ஓவியர் எதையோ கண்டுபிடித்ததுபோலவே இவர்களும் தற்செயலாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற தொனி அதற்குள் இருக்கிறது. மிசௌரியின் போர்வையில் பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை எந்த ஓவியரும் அவருக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அம்மாவிடமும் பாட்டியிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கற்ற முறை அது. அவருக்கு ஒரு மரபு இருந்தது, அந்த மரபுக்குள் அவருக்குச் சொந்தத் தீர்மானங்கள் இருந்தன. எந்தப் பட்டைக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று ஒரு விதவை யோசித்திருக்கிறாள். அந்த யோசனையைத் தற்செயல் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். வீட்டில் வாங்கியபோது கொடுத்த விலைக்கும், பின்னர் அருங்காட்சியகங்கள் மதித்த விலைக்கும், வடிவங்களை விரிப்புகளிலும் அட்டைகளிலும் அச்சடித்து விற்றதில் வந்ததற்கும் இடையே பெரும் தூரம். அன்னி மே யங் உள்ளிட்ட சிலர் 2007இல் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாயிற்று. சரி தவறைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் பருத்திக் கணக்கை எப்போதும் வேறொருவர் எழுதிய ஊரில், தங்கள் கணக்கைத் தாங்களே கேட்ட பெண்கள் இவர்கள் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது.

2006 ஆகஸ்டில் அமெரிக்க அஞ்சல் துறை ஜீஸ் பெண்ட் போர்வைகளைப் பத்து தபால்தலைகளாக வெளியிட்டது. மிசௌரியின் போர்வை அந்தப் பத்தில் இல்லை. அதற்கு அடுத்த மாதம், நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஆற்றில் மறுபடியும் படகு ஓடத் தொடங்கியது. தபால்தலை நாடு முழுக்கச் செய்தியானது. எனக்கு இரண்டாவது செய்திதான் பெரியது. கேம்டனில் மருத்துவரைப் பார்க்கவும் கடைக்குப் போகவும் இரண்டு தலைமுறை சுற்றிப் போயிருக்கிறது. இன்று ஓடும் படகு 2019 முதல் மின்கலத்தில் ஓடுகிறது.

ஆர்லோன்ஸியா 2008இல் இறந்தார். அம்மாவோடு சேர்ந்து கிழித்த துணி கண்காட்சிகளுக்குப் போனதையும், தன் சொந்தப் போர்வைகளும் அதே சுவர்களில் தொங்கியதையும் அறிந்த பிறகே போனார். ஆர்னெட் 2010இல் தொடங்கிய 'சோல்ஸ் குரோன் டீப்' அறக்கட்டளை அந்தச் சேகரிப்பைப் பெரிய அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2014இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு மட்டும் தெற்கத்திக் கறுப்பினக் கலைஞர்களின் 57 படைப்புகள் போயின. அவற்றில் ஜீஸ் பெண்ட் போர்வைகளும் உண்டு. 2015இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகிய மூவருக்கும் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. கலை வரலாற்றாளர் லிசா கெயில் காலின்ஸ் 2023இல் மிசௌரியின் இந்த ஒரு போர்வையைப் பற்றியே முழுப் புத்தகம் எழுதினார். ஒரு பருத்தி விவசாயியின் கால்சட்டையைப் பற்றி ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் நூல் வெளியிட்டிருக்கிறது என்பதை நான் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

போர்த்திக்கொள்ளத் தைத்த துணியை இன்று யாரும் தொட முடியாது. வெளிச்சம் கூடினால் சாயம் போகும், மடித்தால் இழை முறியும். காப்பாளர்கள் கையுறை போட்டுத்தான் எடுப்பார்கள். இது இழப்பா என்று சிலர் கேட்கிறார்கள். மிசௌரி எதற்காகத் தைத்தாரோ அந்த வேலையை அது அவர் உயிரோடிருக்கும்போதே செய்து முடித்துவிட்டது. இப்போது அது செய்வது வேறு வேலை. நத்தானியேல் பெட்வே என்று ஒருவர் இருந்தார், உழைத்தார், அவருக்காக அழ ஆள் இருந்தது என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிறது. வில்காக்ஸ் கவுண்டியின் ஆவணங்கள் சொல்லாததை ஒரு துணி சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஜீஸ் பெண்டில் தையல் இன்னும் நடக்கிறது. தபால்துறை 1949இல் ஊர்ப்பெயரை பாய்கின் என்று மாற்றிவிட்டாலும் ஊரார் வாயில் பழைய பெயர்தான். 2021 முதல் சில பெண்கள் எட்ஸி இணையக் கடையில் நேரடியாக விற்கிறார்கள். 2022 முதல் அக்டோபர் மாதத்தில் போர்வைகளை ஊர் முழுதும் கொடிகளில் காயப்போட்டு ஒரு திருவிழா நடத்துகிறார்கள். வாங்க வருகிறவர்கள் படகிலும் வருகிறார்கள். போர்வையில் தைத்தவரின் பெயர் இருக்கும். விலையை அவரே சொல்வார்.